லானுக்கு ஆர்கானிக் உரம்: எதைப் பாத்து வாங்குறது, எங்க தேடுறது?

பச்சைக்கால்

வணக்கம் எல்லாருக்கும். வீட்டு முன்னாடி சுமார் 1000 சதுர அடிக்கு லான் இருக்கு. இதுவரைக்கும் யூரியா தான் தூவிட்டு இருந்தோம், போட்ட கொஞ்ச நாள்ல கரும்பச்சையா மாறும், தடதடன்னு வளரும், வெட்டி மாளாது, அப்புறம் திரும்ப வெளுத்துடும். மண்ணும் வர வர கெட்டியாயிட்டே போகுது, தண்ணி விட்டா உள்ள இறங்காம மேலயே நிக்குது. சின்ன பசங்க அந்தப் புல்லுல தான் உருண்டு புரள்றாங்க, நாயும் ஒன்னு இருக்கு, அதனால முழுசா ஆர்கானிக்குக்கு மாறிடலாம்னு வீட்ல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம்.

ஆனா கடைக்குப் போனா எதை எடுக்கிறதுன்னே புரியல. மண்புழு உரம், தொழு உரம், வேப்பம்பிண்ணாக்கு, எலும்புத்தூள், கோழி எரு குருணை, அப்புறம் லான் ஸ்பெஷல்னு பச்சைப் புல் படம் போட்ட மூட்டைங்க வேற. எல்லாத்து மேலயும் இயற்கைன்னு தான் எழுதியிருக்கு. இதுல உண்மையிலேயே ஆர்கானிக் எது, புல்லுக்கு எது சரி, 1000 சதுர அடிக்கு எத்தனை கிலோ போடணும், கடையை விட்டா வேற எங்க கிடைக்கும்? காய்கறித் தோட்டத்துக்கு எழுதினது நிறைய கிடைக்குது, லானுக்குன்னு தெளிவா எங்கயும் இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மண்வாசம்

நல்ல முடிவு எடுத்திருக்கீங்க. மூட்டை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, மண் பரிசோதனை. லான்ல அங்கங்க ஒரு பத்துப் பன்னெண்டு இடத்துல, புல்லை விலக்கிட்டு மேல இருந்து 3, 4 இஞ்ச் ஆழத்துக்கு மண்ணு எடுத்து, எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல போட்டுக் கலந்து, நிழல்ல உலர்த்தி, அதுல அரை கிலோ போல லேபுக்கு அனுப்புங்க. பிஹெச் (மண்ணோட அமில, கார அளவு) என்ன, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) எவ்வளவு, கரிமப் பொருள் எவ்வளவுன்னு வந்துடும். இது இல்லாம உரம் வாங்குறது கண்ணைக் கட்டிட்டு நடக்குற மாதிரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா வெளுத்துப் போறதுக்கு எல்லாம் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு தான் காரணம்னு இல்ல. கீழ இருக்கிற பழைய இலை முதல்ல மஞ்சளாச்சுன்னா தழைச்சத்து பத்தலன்னு அர்த்தம், ஏன்னா செடி அதைப் பழைய இலையில இருந்து உருவி புதுசுக்குக் குடுத்துடும். புதுசா வர்ற குருத்து தான் வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரியுதுன்னா அது இரும்புச்சத்து கிடைக்காம வர்றது, பிஹெச் ஏறிப் போன மண்ணுல இது சாதாரணமா வரும். அங்க நீங்க எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் பலன் இருக்காது, பிஹெச்சைத் தான் பாக்கணும். புல்லுக்கு 6ல இருந்து 7 வரைக்கும் நல்லது.

அடுத்து மூட்டை. முன்பக்கத்துப் படத்தைப் பாக்காதீங்க, பின்பக்கம் திருப்பி மூணு நம்பரைத் தேடுங்க. முதல் நம்பர் தழைச்சத்து, ரெண்டாவது மணிச்சத்து, மூணாவது சாம்பல்சத்து, மூணும் எடைக்கு எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு. லானுக்கு முக்கியமானது முதல் நம்பர். இலையைத் தான் நாம திரும்பத் திரும்ப வெட்டுறோம், பூவோ காயோ எடுக்கல.

பொதுவா ஒரு தடவை போடுறதுக்கு 1000 சதுர அடிக்கு 450 கிராம் தழைச்சத்து போதும். மூட்டையோட எடை இல்லைங்க, அதுக்குள்ள இருக்கிற தழைச்சத்தோட எடை. 450 கிராமை அந்த முதல் நம்பரால வகுத்து நூறால பெருக்குங்க, எத்தனை கிராம் உரம் வேணும்னு வந்துடும். வேப்பம்பிண்ணாக்குல 4 சதவீதம்னு வச்சா 11 கிலோ சொச்சம். கடலைப்பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு எல்லாம் 7 கிட்ட இருக்கும், ஆறரை கிலோ போதும். ரத்தத்தூள் 12க்கு மேல, 4 கிலோ கூட வேண்டாம். மண்புழு உரம் ஒன்றரை சதவீதம்னா 30 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தாலே எது கட்டுபடியாகும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், மூட்டை எடையை வச்சு ஒப்பிட்டா ஏமாந்து தான் போவீங்க.

மண்புழு உரம், மக்கின தொழு உரம் வாங்கும்போது ஈரப்பதத்தையும் கேளுங்க. லேபிள்ல போட்டிருக்கிற சதவீதம் உலர்ந்த எடைக்கா இல்ல அப்படியே மூட்டையில இருக்கிற எடைக்கான்னு பல பேரு சொல்றதில்ல. உலர்ந்த எடைக்கு ஒன்றரை சதவீதம், ஆனா மூட்டையில 40 சதவீதம் தண்ணின்னா உங்க கையில கிடைக்கிறது 0.9 தான்.

கம்போஸ்ட்_காதலன்

இவ்வளவு கணக்கெல்லாம் எதுக்கு ப்ரோ. நல்லா மக்கின கம்போஸ்ட் வாங்குங்க, சல்லடையில சலிச்சு கால் இஞ்ச் கனத்துக்கு லான் மேல பரப்புங்க, வாரியல் பின்பக்கத்தால தேய்ச்சு விடுங்க, தண்ணி விடுங்க, முடிஞ்சுது. மண்ணு கெட்டியா இருக்கு தண்ணி இறங்கலன்னு சொல்றீங்கல்ல, அதுக்கு கம்போஸ்ட்டை விட்டா மருந்து கிடையாது. போடுறதுக்கு முன்னாடி மண்ணை உருளை உருளையா பிடுங்கி எடுக்கிற ஏரேட்டர் ஒன்னு வாடகைக்கு எடுத்து ஓட்டிடுங்க, கம்போஸ்ட் அந்த ஓட்டை வழியா உள்ள போயிடும், வேரு வரைக்கும் காத்தும் தண்ணியும் போகும். ஆணி மாதிரி குத்துற டைப் வேண்டாம், அது ஓட்டைக்கு சுத்தி இருக்கிற மண்ணை இன்னும் இறுக்கிடும், மண்ணை வெளிய எடுத்துப் போடுறது தான் வேணும்.

என் லானுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இது தான். வேற எதுவும் போடுறதில்ல.

வேர்வழி

மேல சொன்னவரு கம்போஸ்ட் பத்தி சொன்னது மண்ணுக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா அதை மட்டும் வச்சு லான் முழுக்க பச்சையா இருக்கும்னு நம்பிடாதீங்க, முக்கியமா யூரியாவுக்குப் பழகின புல்லு. கால் இஞ்ச்னா 1000 சதுர அடிக்கு அரை கன மீட்டருக்கு மேல கம்போஸ்ட் வேணும், அது முந்நூறு கிலோவைத் தாண்டும். அதுக்குள்ள ஒன்றரை கிலோ போல தழைச்சத்து இருக்கலாம், ஆனா முதல் வருஷத்துல புல்லுக்குக் கிடைக்கிறது அதுல பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப் போனா ரெண்டு பங்கு. மீதி மண்ணுலயே தங்கி வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வரும். அதாவது இவ்வளவு பாரம் சுமந்தும் முதல் வருஷம் கிடைக்கிறது ஒரு தடவை உரத்துல பாதி. நாலஞ்சு வருஷம் தொடர்ந்து போட்டவங்களுக்கு அது மட்டுமே போதும்னு ஆகும், கம்போஸ்ட்_காதலன் அந்த நிலைக்கு வந்துட்டாரு. நீங்க இப்ப தான் தொடங்குறீங்க.

அதனால என் ஓட்டு ரெண்டுக்கும். கம்போஸ்ட் மண்ணைத் திருத்தறதுக்கு, பிண்ணாக்கு மாதிரி எதாவது ஒன்னு புல்லுக்குச் சாப்பாடு போடுறதுக்கு. ரெண்டும் வேற வேற வேலை.

கார்பன் நைட்ரஜன் விகிதம்னு ஒன்னு இருக்கு, அதையும் விக்கிறவங்க கிட்ட கேளுங்க. அது 20க்கு 1ங்கிற அளவுக்குக் கீழ இருந்தா மண்ணுல போட்டதும் சத்தை வெளிய விடும். 30ஐத் தாண்டினா, அதாவது மரத்தூள், காஞ்ச இலை எல்லாம் சரியா மக்காம இருந்தா, நுண்ணுயிர்ங்க அதைச் சாப்பிடறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கும், கம்போஸ்ட் போட்ட பிறகு லான் இன்னும் வெளுத்துப் போச்சேன்னு சில பேரு கேக்கிறதுக்குக் காரணம் இது தான்.

நாய் இருக்குன்னு சொன்னீங்க, இதைத் தயவுசெஞ்சு கவனமா படிங்க. ஆமணக்குப் பிண்ணாக்கு வாங்கவே வாங்காதீங்க. அதுல தழைச்சத்து நல்லா இருக்கு, விலை மலிவா கிடைக்கும், உரமா நல்ல உரம் தான், ஆனா எண்ணெய் ஆட்டின பிறகும் ரைசின்ங்கிற விஷம் பிண்ணாக்குல தங்கிடும். சூடு பண்ணி அதை முறிச்சிருந்தா தான் உண்டு, அப்படிப் பண்ணினாங்களான்னு மூட்டையைப் பாத்து உங்களால சொல்ல முடியாது. நாய் மோந்து பாத்து கொஞ்சம் தின்னாலே வாந்தி, ரத்தப்பேதின்னு போய் செத்தே போகலாம். கலவை உரத்துலயும் ஆமணக்கு சேக்கறாங்க, அதனால உள்ள என்னென்ன போட்டிருக்குன்னு எழுதாத மூட்டையை எடுக்காதீங்க. எலும்புத்தூள், ரத்தத்தூள், மீன்தூள் வாசனைக்கும் நாய் ஓடி வரும். எலும்புத்தூளை நிறைய தின்னுட்டா வயித்துக்குள்ள சிமெண்ட் மாதிரி இறுகி அடைச்சுக்கும். கடலைப்பிண்ணாக்கு பூசணம் புடிச்சிருந்தா அதுல அஃப்ளாடாக்ஸின்ங்கிற பூசண விஷம் இருக்கலாம், அதுவும் ஆபத்து.

எலும்புத்தூள் லானுக்குப் பெருசா தேவையும் இல்ல. அதுல முக்கியமா இருக்கிறது மணிச்சத்து, மண்ணு பிஹெச் 7க்கு மேல இருந்தா அது கரைஞ்சு வேருக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

பச்சைக்கால்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ஆமணக்கு விஷயம் படிச்சதும் திக்குனு ஆயிடுச்சு, ஏன்னா கடைக்காரர் முதல்ல காட்டினதே ஆமணக்கும் வேம்பும் கலந்த மூட்டை தான்.

மஞ்சள் பழைய இலையில தான் முதல்ல வருது, இப்ப போய் உக்காந்து பாத்தேன். மண்ணு சாம்பிள் எடுத்து அனுப்பப் போறேன்.

இன்னும் ரெண்டு மூணு சந்தேகம். ஒரு மூட்டையில ஆர்கானிக் லான் ஃபுட்னு பெருசா போட்டு பின்னாடி 20-5-5னு இருக்கு, இது மத்த எல்லாத்தையும் விட நம்பர் அதிகமா இருக்கே, இதையே எடுத்துட்டா கம்மியா போட்டா போதும்ல? இன்னொன்னு, தெரிஞ்சவங்க மாட்டுப்பண்ணை வச்சிருக்காங்க, சாணி எரு எவ்வளவு வேணும்னாலும் அள்ளிட்டுப் போங்கன்னு சொல்றாங்க, அதை அப்படியே போடலாமா? அப்புறம் வீட்ல காபித்தூள் சக்கை நிறைய சேருது.

விதைநெல்

20-5-5 ஆர்கானிக்கா இருக்க வாய்ப்பே இல்லைங்க. இயற்கையான பொருள்ல தழைச்சத்து அதிகமா இருக்கிறது ரத்தத்தூளும் கோழி இறகுத்தூளும் தான், அதுவே 12, 13 கிட்ட நின்னுடும். மீன்தூள் 10. பிண்ணாக்கு எல்லாம் 4ல இருந்து 7. அப்புறம் 20 எங்க இருந்து வரும்? யூரியா கலந்திருப்பாங்க, அதுல 46 சதவீதம் இருக்கு, கொஞ்சம் கலந்தாலே நம்பர் ஏறிடும். பேருல ஆர்கானிக்னு போட்டு உள்ள கொஞ்சூண்டு எருவும் மீதி யூரியாவுமா விக்கிறது நிறைய நடக்குது. சேர்மானப் பட்டியல்ல யூரியா, அம்மோனியம் சல்பேட், டிஏபின்னு ரசாயன உரம் எதாவது ஒன்னு இருந்தாலும் வச்சிட்டு வந்துடுங்க. பட்டியலே இல்லன்னா அதுவும் வேண்டாம். ஆர்கானிக் விவசாயத்துக்குச் செல்லும்னு ஏதாவது ஒரு சான்று அமைப்போட முத்திரை இருந்தா அந்த அமைப்போட பட்டியல்ல அந்தப் பேரு இருக்கான்னு தேடிப் பாத்துக்கங்க.

பயோசாலிட்னு சேர்மானத்துல பாத்தீங்கன்னா அது நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல இருந்து வர்ற கசடு. உலர்த்தி, சூடேத்தி, குருணையாக்கி லான் உரமா விக்கிறாங்க. புல்லு நல்லா தான் வரும், எரியாது. ஆனா கன உலோகம், மக்காத பிஎஃப்ஏஎஸ் ரசாயனம்லாம் அதுல வரலாம்னு கவலை இருக்கு, ஆர்கானிக் சான்றுக்கும் அனுமதி கிடையாது. குழந்தைங்க உருள்ற இடம்னா நான் போட மாட்டேன்.

மாட்டுப்பண்ணை எரு: பச்சையா போடாதீங்க. கிருமி, களை விதை ரெண்டும் உயிரோட வரும், லான்ல ஒரு தடவை களை ஏறிடுச்சுன்னா எடுக்கிறது பெரும்பாடு. குவிச்சு வச்சு, உள்ள 55 டிகிரி சூடு ரெண்டு வாரத்துக்கு நிக்கணும், அதுக்குள்ள நாலஞ்சு தடவை வெளிய இருக்கிறது உள்ள போற மாதிரி புரட்டிப் போடணும். சூடு அடங்கின பிறகு ஒரு ரெண்டு மூணு மாசம் அப்படியே ஆற விடணும். முடிஞ்சிடுச்சான்னு பாக்க ஒரு கைப்பிடியை ஈரமாக்கி ஜிப் கவர்ல போட்டு மூடி வச்சு, நாலஞ்சு நாள் கழிச்சுத் திறந்து மோந்து பாருங்க. மண்ணு வாசனை வந்தா ரெடி. அம்மோனியா நெடியோ புளிச்ச வாடையோ அடிச்சா இன்னும் ஆகல.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்னு, இது நிறைய பேருக்குத் தெரியாது. அந்த மாடுங்க சாப்பிடற வைக்கோல், தீவனப்புல்லுக்கு என்ன களைக்கொல்லி அடிச்சாங்கன்னு பண்ணைக்காரங்க கிட்ட கேளுங்க. அமினோபைராலிட், க்ளோபைராலிட், பிக்ளோராம்னு சில களைக்கொல்லிங்க மாட்டு வயித்துக்குள்ள போய்ட்டு சாணியிலயும் அழியாம வரும், கம்போஸ்ட் சூட்டுலயும் லேசுல அழியாது. இது அகன்ற இலைச் செடியை மட்டும் தாக்குற மருந்து, அதனால உங்க புல்லுக்கு ஒன்னும் ஆகாது, லான் அருமையா இருக்கும், ஆனா பக்கத்துப் பாத்தியில இருக்கிற தக்காளி, அவரை எல்லாம் இலை சுருண்டு கிண்ணம் மாதிரி மடங்கி நிக்கும். அந்தப் புல்லை வெட்டி கம்போஸ்ட் குழியில போட்டா அங்கயும் பரவும்.

இதைக் கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். அந்த எருவும் சுத்தமான தொட்டி மண்ணும் பாதிக்குப் பாதி கலந்து மூணு தொட்டி, எரு கலக்காம சுத்தமான மண்ணு மட்டும் போட்டு மூணு தொட்டி, ஆறுலயும் பீன்ஸ் விதை ஊனுங்க. மூணு வாரத்துல புது இலை வரும்போது எருத் தொட்டியில மட்டும் இலை முறுக்கிட்டு வந்தா அந்த எரு வேண்டாம். தண்ணி வடியுற தட்டை ஒன்னுக்கொன்னு மாத்திடாதீங்க, கலந்துடும். குதிரை லாயத்து எருவுக்கும், வெளிய வாங்கின வைக்கோல்ல பண்ணின கம்போஸ்ட்டுக்கும் இதே சோதனை தான்.

காபி சக்கை போடலாம், 2 சதவீதம் தழைச்சத்து இருக்கு. ஆனா ஒரே இடத்துல கனமா கொட்டினா ஏடு மாதிரி காஞ்சு தண்ணியைத் தடுக்கும், மெலிசா தூவுங்க இல்ல கம்போஸ்ட்ல சேத்துடுங்க.

கம்போஸ்ட்_காதலன்

விதைநெல் சொன்ன களைக்கொல்லி விஷயம் எனக்கே புதுசு, இனி நானும் பீன்ஸ் போட்டுப் பாக்கறேன்.

எங்க கிடைக்கும்னு கேட்டீங்கல்ல, அதுக்கு யாரும் இன்னும் சரியா பதில் சொல்லல. பூச்செடிக்கடையில சின்னச் சின்ன மூட்டையா தான் இருக்கும், லானுக்கு அது பத்தாது. விவசாயத்துக்கு உரம் விக்கிற கடைக்குப் போங்க, அதே பொருள் பெரிய சாக்குல கிடைக்கும், கிலோ கணக்குப் பாத்தா நல்ல வித்தியாசம். பிண்ணாக்குக்கு எண்ணெய் ஆட்டுற செக்கு, மில் தான் நேரடி இடம், புதுசா பூசணம் இல்லாம வாங்கலாம், எது ஆட்டினதுன்னு நேர்ல பாத்துட்டே எடுக்கலாம். மாட்டுத்தீவனக் கடையில விக்கிற சோயாப் பிண்ணாக்கும் அதே பொருள் தான், உப்பு, தாது எதுவும் சேக்காத சாதா பிண்ணாக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க.

கம்போஸ்ட் லோடு கணக்குல நகராட்சிக் குப்பை மக்க வைக்கிற கிடங்குலயும் கிடைக்கும், ஆனா கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் இருக்கான்னு ஒரு கூடை எடுத்து வெயில்ல பரப்பிப் பாத்துட்டு வாங்குங்க, பசங்க வெறுங்கால்ல ஓடுற இடம். காளான் பண்ணையில வெளிய தள்ற கம்போஸ்ட்டும் உண்டு, அதுல உப்பு கொஞ்சம் அதிகமா இருக்கும், ஒரு மழைக்காலம் வெளிய கிடந்து கழுவிப் போனதா பாத்து எடுங்க. லோடு கணக்குல விக்கிற யாரா இருந்தாலும் லேப் ரிப்போர்ட் கேளுங்க. ஒழுங்கா பண்றவங்க முகம் சுளிக்காம எடுத்துக் குடுப்பாங்க.

சிறகி

எல்லாரும் என்ன வாங்கணும்னே பேசுறீங்க, வாங்காமலே கிடைக்கிறதை யாரும் சொல்லலியே! வெட்டின புல்லை என்ன பண்றீங்க பச்சைக்கால்? கூட்டி அள்ளி வெளிய போடுறீங்கன்னா உங்க லானுக்கு வருஷத்துல வேண்டிய தழைச்சத்துல கால் பங்கு வரைக்கும் கேட்டுக்கு வெளிய போகுதுன்னு அர்த்தம். அப்படியே லான் மேலயே விட்டுடுங்க. புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவைல வெட்டாதீங்க, துண்டு சின்னதா இருந்தா ரெண்டு மூணு நாள்ல உள்ள இறங்கி மக்கிடும். இதனால அடியில சக்கை சேர்ந்து மெத்தை கட்டும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, அது தப்பு, மெத்தை கட்றது வேரும் தண்டும் மக்காம சேர்றதால வர்றது, இலைத் துண்டுல பெரும்பகுதி தண்ணி தான், அது சீக்கிரம் மக்கிடும். வெட்டுற கத்தி மட்டும் கூரா இருக்கணும்.

வெள்ளை க்ளோவர்ங்கிற பயறு குடும்பத்துச் சின்னச் செடியைக் கொஞ்சம் விதைச்சு விடுறதும் நல்ல வழி. அது வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துல இருந்து தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்கும், பக்கத்துப் புல்லும் பச்சையாகும். பூ வந்தா தேனீ வரும், பசங்க வெறுங்கால்னா பூக்க விடாம வெட்டிக்கிட்டே இருக்கணும், அதை யோசிச்சுக்கங்க.

எனக்கும் ஒரு கேள்வி. மக்காச்சோள க்ளூட்டன் போட்டா உரமும் ஆகும் களையும் வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

வேர்வழி

பாதி உண்மை. அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டியில வேற எதுக்கோ சோதனை பண்ணும்போது, சோள க்ளூட்டன் போட்ட இடத்துல விதை முளைச்சு வேர் விடலன்னு கவனிச்சாங்க, 1991ல காப்புரிமையும் வாங்கினாங்க. முளைக்கிற விதையோட வேரைத் தான் அது தடுக்கும், ஏற்கனவே வளர்ந்து நிக்கிற களையை ஒன்னும் பண்ணாது. முளைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போடணும், போட்டுத் தண்ணி விட்டுட்டு அப்புறம் சில நாள் மண்ணு காயணும், நேரம் தவறினா களைக்கும் சேர்த்து உரம் போட்ட மாதிரி ஆயிடும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ரிசல்ட்டும் வரல. சொல்ற அளவு 1000 சதுர அடிக்கு 9 கிலோ, அதுல 9, 10 சதவீதம் தழைச்சத்து இருக்கிறதால ரெண்டு தடவைக்கான உரம் ஒரே அடியா போயிடும். நீங்க சொன்ன க்ளோவர் விதையோ புல் விதையோ தூவுற எண்ணம் இருந்தா அதே சமயத்துல இதைப் போடவே கூடாது, அதுவும் முளைக்காது. உரமா நல்ல உரம், களைக்காக மட்டும் வாங்காதீங்க.

பச்சைக்கால்

சிறகி அக்கா, இத்தனை நாளும் புல்லை அள்ளி வெளிய தான் போட்டோம், இனி விட்டுடறோம்.

இப்போதைக்கு நான் நினைச்சிருக்கிறது இது. ஏரேட்டர் ஓட்டிட்டு சலிச்ச கம்போஸ்ட் மெலிசா ஒரு தடவை, அதோட வேப்பம்பிண்ணாக்கு 11 கிலோ, மண் ரிப்போர்ட் வந்த பிறகு மத்ததெல்லாம். பண்ணை எருவை பீன்ஸ் சோதனை பண்ணி, குவிச்சு வச்சு அடுத்த வருஷத்துக்கு எடுத்துக்கறேன். வேப்பம்பிண்ணாக்கு நாய்க்கு ஒன்னும் பண்ணாதுல்ல? எப்ப போடுறது, எப்படித் தூவுறது, அதையும் சொல்லிட்டீங்கன்னா வேலையைத் தொடங்கிடுவேன்.

மண்வாசம்

திட்டம் நல்லா இருக்குங்க. வேப்பம்பிண்ணாக்கு நல்ல கசப்பு, நாய் பொதுவா வாய் வைக்காது, ஆனாலும் போட்டுத் தண்ணி விட்டு அது மண்ணுக்குள்ள இறங்கற வரைக்கும் நாயையும் பசங்களையும் விடாதீங்க. வேம்புல இன்னொரு நல்லதும் இருக்கு, மண்ணுல தழைச்சத்து நைட்ரேட்டா மாறுற வேகத்தைக் குறைக்கும், அதனால தண்ணியோட கீழ ஓடிப் போறது குறையும்.

எப்பங்கிறதுக்கு நாள் பாக்க வேண்டாம், புல்லைப் பாருங்க. உங்க புல்லு வேகமா வளர்ற காலம் தொடங்கும்போது போடணும், தூங்குற காலத்துல போடக்கூடாது. பெர்முடா, ஸோய்சியா மாதிரி வெயில் விரும்புற வகைன்னா சூடு ஏற ஏற வளரும், ஃபெஸ்க்யூ, ரை மாதிரி குளிர் விரும்புற வகைன்னா வெயில் தணிஞ்ச பிறகு போடுறது தான் அதுக்குப் பிடிக்கும். எந்த வகையா இருந்தாலும் நுண்ணுயிர் வேலை செஞ்சா தான் ஆர்கானிக் உரம் கரையும், மண்ணோட சூடு 10 டிகிரிக்குக் கீழ போயிட்டா அது கிட்டத்தட்ட நின்னுடும். பெர்முடாவுக்கு வருஷத்துக்கு மூணு நாலு தடவை கூட வேணும், ஸோய்சியாவுக்கு ரெண்டு போதும், மர நிழல்ல இருக்கிற பகுதிக்கு எப்பவும் பாதி அளவு.

தூவும்போது 11 கிலோவை ரெண்டாப் பிரிச்சுக்கங்க. ஒரு பாதியை வடக்கு தெற்கா நடந்து தூவுங்க, இன்னொரு பாதியை கிழக்கு மேற்கா, அப்ப தான் கோடு கோடா விழாது. பிண்ணாக்கு கட்டியா இருந்தா நல்லா நுணுக்கிட்டு தூவுங்க. புல்லு காஞ்சிருக்கும்போது தூவி, இலை மேல ஒட்டினதை வாரியலால தட்டி விட்டுட்டு, அரை இஞ்ச் அளவுக்குத் தண்ணி விடுங்க. பெரிய மழை வரப்போற அன்னைக்கு வேண்டாம், நடைபாதை, சிமெண்ட் தரையில சிந்தினதைக் கூட்டி லான்லயே தள்ளிடுங்க, இல்லன்னா வடிகால் வழியா போய் குளத்துல ஏரியில பாசி பிடிக்க வைக்கும், ஆர்கானிக்கா இருந்தாலும் அது நடக்கும்.

யூரியா மாதிரி ஒரு வாரத்துல கரும்பச்சை ஆகாது. மூணு நாலு வாரம் ஆகும், முதல் வருஷம் கொஞ்சம் வெளுப்பாவே கூட இருக்கலாம், அதைப் பாத்துட்டு ரெண்டு மடங்கு போட்டுடாதீங்க. மண் ரிப்போர்ட்ல மணிச்சத்து அதிகம்னு வந்துதுன்னா கோழி எருவையும் எலும்புத்தூளையும் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க, கம்போஸ்ட்டையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையா குறைச்சுக்கங்க. ரிப்போர்ட் வந்ததும் நம்பரை இங்கயே போடுங்க, பாத்துச் சொல்றேன்.